லேஞ்சியும் சிலம்பும்

ஆங்கில இலக்கியத்தின் ‘கருப்பொருள்கள்’ என்று எமது பாடசாலைகளில் வழங்கிவருவது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலே. மக்பெத் என்றால் பேராசை. லியர் மன்னன் என்றால் நன்றிகேடு. ஹம்லெட் என்றால் தயக்கம். ஒதெல்லோ என்றால் பொறாமை. ரியூட்டரிக் குறிப்புகளில் இவை தடித்த எழுத்தில் இருக்கும். பரீட்சைக்கு உதவும்தான். ஆனால் நாடகத்தில் ஒரு காட்சியைக்கூடப் படிக்காதவரும் இப்பட்டியலை மனனம் செய்து விடை எழுதிவிடலாம். ஒரு பிரதியைத் திறக்காமலே அதன் கருப்பொருள் தெரிந்துவிடுமானால், அது அந்தப் பிரதிக்குரிய கருப்பொருள்தானா என்று கேட்க வேண்டாமா?

அண்மையில் ஓர் அப்பியாசக் கொப்பி என் கைக்கு வந்தது. புளியங்கூடலில் என்னிடம் ஆங்கிலம் கற்று, இப்போது உயர்தரத்தில் கலைப்பிரிவில் பயிலும் ஒரு மாணவியுடையது. தான் படித்த ஆங்கில நூல்களைப் பற்றித் தமிழில் எழுதிவைத்திருக்கிறாள். எந்தப் பரீட்சைக்காகவும் அல்ல. அதைப் பற்றி எழுத அனுமதி கேட்டபோது, “எழுதுங்கோ சேர், என்ர பேர் மட்டும் வேண்டாம்” என்றாள். ஆதலால் பெயரைத் தவிர்க்கிறேன். மாணவர் ஒருவரின் குறிப்புகளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இச்சஞ்சிகைக்கு ஒவ்வாது என்று சிலர் கருதக்கூடும். பேராசிரியர்களின் நூல்களையே விமர்சித்துக்கொண்டிருப்பதால் நாம் இழந்தவையும் உண்டு.

கொப்பியில் நான்கு நூல்கள் வருகின்றன. றொபின்சன் குருசோ பற்றி ஒன்றரைப் பக்கம்தான். தீவில் தனித்த மனிதனின் உழைப்பு என்று எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு, கதையின் தொடக்கத்தில் வரும் க்ஸூரி என்ற சிறுவனைப் பிடித்துக்கொள்கிறாள். மொரோக்கோக் கரையில் அடிமையாய்க் கிடந்த குருசோவுடன் தப்பி, படகில் கூடவே வந்து, அவனுக்காக உயிரையும் கொடுக்கத் துணியும் சிறுவன். அவனைக் குருசோ ஒரு போர்த்துக்கேயக் கப்பல் தலைவனுக்கு அறுபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறான். கிறிஸ்தவனானால் பத்து ஆண்டுகளில் விடுதலை என்பது நிபந்தனை. ‘பிறகு பிரேசிலில் தோட்டத்துக்கு ஆள் வேண்டியபோதுதான் குருசோ அவனை நினைத்து வருந்துகிறான்’ என்று எழுதி முடித்துவிடுகிறாள். 1719இல் வெளிவந்த அந்நாவலுக்கு இப்னு துபைலின் ‘ஹய் இப்னு யக்ளான்’ முன்னோடி என்று எமது மேடைகளில் அடிக்கடி பெருமை பேசப்படுகிறது. 1708இலேயே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்பது உண்மை. பெருமை பேசியவர்களில் எவரும் க்ஸூரியைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

ஜேன் எயர் பற்றிய குறிப்பும் சிறியதே. மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் பேர்த்தாவிடம் நாவல் முழுவதிலும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது அவளது அவதானம். இதே கேள்வியிலிருந்துதான் ஜீன் றீஸ் 1966இல் தனியொரு நாவலையே எழுதினார். அது இப்பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமல் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள் என்பதே மனங்கொள்ளத்தக்கது.

ஒலிவர் ட்விஸ்டில் அவள் நிறுத்தி எழுதுவது நீதிமன்றக் காட்சியை. ஒரு கனவானின் சட்டைப்பையிலிருந்து லேஞ்சி திருடப்படுகிறது. திருடியவர்கள் ஓடிவிட, திகைத்து ஓடிய ஒலிவர் பிடிபடுகிறான். நீதவான் ஃபாங் சிறுவனையும் விசாரிக்கவில்லை, பொருளைப் பறிகொடுத்த கனவானையும் பேசவிடவில்லை. மூன்று மாதக் கடூழியம் என்று தீர்ப்பளிக்கிறான். அப்போது புத்தகக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, நான் பார்த்தேன், என்னைக் கேட்டே ஆகவேண்டும் என்று நிற்கிறார். மாணவி எழுதுகிறாள்: ‘கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவர் வரப் பிந்திவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும்.’

இந்த லேஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒதெல்லோவுக்குள் நுழைகிறாள். கொப்பியின் பெரும்பகுதி அதுதான். முதலில் சார்ள்ஸ் லாம்பும் மேரி லாம்பும் 1807இல் சுருக்கி எழுதிய கதையாகவும், பின்னர் குறிப்புரையுடன் கூடிய முழு நாடகமாகவும் படித்திருக்கிறாள். தொடக்கத்திலேயே என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தாள். “சேர், ‘மூர்’ எண்டால் உங்கட ஆக்கள்தானே? அப்ப ஒதெல்லோ முஸ்லிமோ?”

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளிக்க முடியாது. நாடகத்தில் அவன் ஞானஸ்நானம் பெற்றவன். துருக்கியருக்கு எதிராக வெனிஸின் படையை நடத்துபவன். ஆயினும் ‘மூர்’ என்ற சொல் அவனை விடுவதில்லை. அவனுடைய பெயரைவிட அச்சொல்லால் அவனைக் குறிப்பதே பலருக்கு வசதியாக இருக்கிறது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த சிந்தியோவின் 1565ஆம் ஆண்டு இத்தாலியக் கதையில் அவனுக்குப் பெயரே இல்லை, வெறும் மூர்தான். 1600இல் மொரோக்கோ மன்னரின் தூதர் அப்துல் வாஹித் தமது பரிவாரத்துடன் இலண்டனில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். அவரது உருவப்படம் இன்றும் இருக்கிறது. நான்கு ஆண்டுகளின் பின், 1604 நவம்பர் 1ஆம் திகதி, ஜேம்ஸ் மன்னரின் அவையில் ஒதெல்லோ அரங்கேறியது. தூதரைப் பார்த்துத்தான் நாடகம் எழுதப்பட்டது என்று அடித்துச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ‘மூர்’ என்ற சொல் இலண்டன்வாசிகளுக்கு வெறுங் கற்பனையாக இருக்கவில்லை.

எமக்கோ அச்சொல் பிறப்புச் சான்றிதழில் இருப்பது. ஐபீரியாவில் தாம் எதிர்த்துப் போரிட்ட முஸ்லிம்களுக்கு இட்ட பெயரையே, 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயர் இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் இட்டனர். பின்னர் ஆங்கிலேயரின் பதிவேடுகளில் அது ஓர் இனப்பெயராயிற்று. அப்பெயருக்குரியோர் யார் என்று 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் எழுதியதும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பெழுதியதும் இவ்வாசகர்கள் அறிந்தவை. எமது தீவின் துறைமுகமான ஊர்காவற்றுறைக்குக் ‘கயிற்ஸ்’ என்ற பெயரை விட்டுச்சென்றவர்களும் அதே போர்த்துக்கேயரே. ‘லேஞ்சி’ என்ற சொல்லும் அவர்களுடையதுதான். ஒதெல்லோவின் துயரத்தைச் சொல்ல வேண்டிய இரண்டு சொற்களும் ஒரே கப்பலில் வந்திறங்கியிருக்கின்றன என்று பிள்ளைக்குச் சொன்னேன். சிரித்தாள். கொப்பியிலும் எழுதிக்கொண்டாள்.

தமிழுக்கு ஒதெல்லோ வந்த கதையும் இங்கு கவனத்திற்குரியது. அ. மாதவையா (1872–1925) இந்நாடகத்தைத் தமிழ்ப்படுத்தியபோது நாயகனுக்கு ‘உதயலன்’ என்று பெயரிட்டார். அவனை ‘கொற்கைச் சிங்களவன்’ ஆக்கினார். பாண்டியரின் முத்துத்துறையில் ஓர் ஈழத்து அந்நியன். வெனிஸுக்கு மூர் எப்படியோ அப்படித் தமிழகத்துக்கு யார் என்று யோசித்த மாதவையாவுக்குத் தோன்றிய விடை அது. அரபியில் கலீல் முத்ரான் 1912இல் மொழிபெயர்த்தபோது ‘உதைல்’ என்று பெயர் வைத்தார். உதைலும் உதயலனும் ஒருவரை ஒருவர் அறியாத அண்ணன் தம்பிகள். எமது தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு ஒதெல்லோ என்றால் ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஆங்கிலத்தில் நடித்த காட்சிதான். அங்கும் கழுத்தை நெரிக்கும் கட்டமே எடுத்துக்கொள்ளப்பட்டது. நாடகத்தின் முதலாம் அங்கம் எவருக்கும் நினைவில் இல்லை.

மாணவி தொடங்குவது அம்முதலாம் அங்கத்தில். அவளது வாசிப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது. செனற்றர் பிரபான்சியோ நள்ளிரவில் வெனிஸின் ஆட்சிப்பேரவைக்கு வந்து, மூர் என் மகளைச் சூனியத்தால் மயக்கிவிட்டான் என்று முறையிடுகிறார். முறையிடுபவர் செல்வாக்குள்ளவர், குற்றஞ்சாட்டப்பட்டவன் அந்நியன். ஆயினும் கோமகன், சொல்வது சான்றாகாது என்கிறார். ஒதெல்லோவைப் பேசவிடுகிறார். ஒதெல்லோ என்ன கேட்கிறான்? அந்தப் பெண்ணையே அழைத்து வாருங்கள், அவள் வாயால் கேளுங்கள், அவள் என்னைக் குற்றவாளி என்றால் என் உயிரையும் எடுங்கள் என்கிறான். டெஸ்டிமோனா வருகிறாள், பேசுகிறாள், வழக்கு முடிகிறது. ‘தனக்கு வழக்கு வந்தபோது அவளைக் கூப்பிடச் சொன்னவன், அவளுக்கு வழக்கு வந்தபோது ஒருவரையும் கூப்பிடவில்லை. இந்த நாடகத்தின் கருப்பொருள் பொறாமை அல்ல, விசாரணை’ என்று எழுதியிருக்கிறாள்.

குறிப்புப் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு நேராகச் சொல்லப்பட்டதை நான் கண்டதில்லை. ஐந்து அங்கங்களையும் இவ்வரி ஒன்றாகக் கட்டிவிடுகிறது. முதலாம் அங்கம் நீக்கிவிடக்கூடிய ஒரு முன்னுரை என்று கருதியவர்களுக்கு இது பதிலும் ஆகும்.

எனினும் அக்காட்சியில் அவள் காணாத ஒன்றுண்டு. அதே இரவில் துருக்கியக் கப்பற்படை சைப்பிரஸை நோக்கி வருகிறது என்ற செய்தியும் பேரவையில் இருக்கிறது. தளபதி தேவைப்படுகிறான். தேவைப்படாத ஓர் இரவில் இதே முறைப்பாடு வந்திருந்தால் கோமகன் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருப்பாரா? அடுத்த அங்கத்திலேயே புயல் வந்து துருக்கியப் படையைச் சிதறடித்துவிடுகிறது. வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. 1571இல் சைப்பிரஸ் உஸ்மானியர் வசமாயிற்று. இலண்டனில் நாடகம் பார்த்தவர்கள் அதை அறிவர். நாடகத்திலோ பகைவன் இல்லாமற் போகிறான். தளபதிக்கு வேலையும் இல்லாமற் போகிறது. சிறிது காலத்தில், திரும்பி வா, கசியோவிடம் பொறுப்பைக் கொடு என்று வெனிஸிலிருந்து கடிதம் வருகிறது. விசாரணை என்பதும் பயன் உள்ளவர்களுக்கு வழங்கப்படும் ஒரு சலுகையாக இருக்கக்கூடும் என்பதை ஷேக்ஸ்பியர் சொல்லாமல் காட்டிவிடுகிறார். மாணவிக்கு இதைச் சொன்னபோது நெடுநேரம் யோசித்து, “அப்பிடியெண்டால் அந்த நீதியும் நீதியில்லையோ சேர்?” என்று கேட்டாள். நீதிதான், ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

அடுத்து லேஞ்சி. 1693இல் தோமஸ் றைமர் என்ற விமர்சகர், இது ஒரு துணித்துண்டின் துன்பியல் என்று எள்ளி நகையாடினார். பெண்கள் தங்கள் துணிமணிகளைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் படிப்பினை என்றார். இவ்வளவு சிறிய பொருளால் இவ்வளவு பெரிய அழிவா என்பது அவரது கேள்வி. றைமருக்குச் சிலப்பதிகாரம் தெரிந்திருக்க நியாயமில்லை. எமது மாணவிக்குத் தெரியும். வழக்குரை காதை அவள் தமிழ் வகுப்பில் படித்தது. ஒரு காற்சிலம்புக்காக ஒரு நகரமே எரிந்த கதையைப் படித்த பிள்ளைக்கு லேஞ்சி சிறிதாகத் தெரியவில்லை.

இவ்விரண்டையும் அவள் ஒப்பிடும் பக்கங்கள் கொப்பியில் மிகச் சிறந்தவை. பொற்கொல்லனும் இயாகோவும் தங்கள் குற்றத்தை மறைக்க அல்லது தங்கள் காரியத்தை முடிக்க ஒரு பொருளைச் சாட்சியாக்குகிறார்கள். அரசி ஊடிச் சென்றிருக்கிறாள். அவளைத் தணிக்க விரையும் பாண்டியனுக்கு விசாரிக்க நேரமில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டுவருக என்று சொல்லிவிடுகிறான். காவலர்கள், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் களவுநூல் படித்தவனைப் போலக் கள்வரின் தந்திரங்களை அடுக்கி அவர்களின் ஐயத்தைப் போக்குகிறான். இயாகோவும் அப்படியே, வெனிஸ் பெண்களின் இயல்பை நான் அறிவேன், நீ அந்நியன், உனக்குத் தெரியாது என்கிறான். அறிவுடையவன் போலப் பேசுபவன் முன்னால் நேரில் கண்டவனின் மனச்சாட்சி வாயடைத்துப் போகிறது.

‘லேஞ்சி விழும்போது ஒதெல்லோ பக்கத்தில்தான் நிற்கிறான்’ என்று ஒரு வரி. மூன்றாம் அங்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அவனுக்குத் தலைவலி, டெஸ்டிமோனா லேஞ்சியால் நெற்றியைக் கட்ட வருகிறாள், இது சிறிது என்று அவனே தட்டிவிடுகிறான். விட்டுவிடு என்றும் சொல்கிறான். எமிலியா எடுக்கிறாள், கணவனிடம் கொடுக்கிறாள். கண்ணால் கண்ட சான்று வேண்டும் என்று பின்னர் கர்ச்சிப்பவன், தன் கண்முன் விழுந்ததைக் காணவில்லை.

ஓரிடத்தில் மாணவி வரம்பு மீறுகிறாள். ஒதெல்லோ ‘ஒருவரையும்’ கேட்கவில்லை என்பது சரியன்று. நான்காம் அங்கத்தில் பணிப்பெண் எமிலியாவை அழைத்து நேராகவே கேட்கிறான்: அவர்கள் தனித்திருந்ததைக் கண்டாயா, இரகசியம் பேசக் கேட்டாயா, உன்னை வெளியே அனுப்பினாளா? இல்லை, இல்லை, இல்லை என்கிறாள் எமிலியா. டெஸ்டிமோனாவின் தூய்மைக்குத் தன் ஆன்மாவையே பணயம் வைக்கிறாள். அவன் நம்புவதில்லை. டெஸ்டிமோனாவிடமும் கேட்கிறான், ஆனால் கேள்வியே வசையாக இருக்கிறது. தீர்ப்பு எழுதப்பட்ட பின்னர் எடுக்கும் வாக்குமூலங்கள் இவை. ஆகவே, கேளாமை என்பதைவிட, தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு கேட்டல் என்பதே பொருந்தும். இதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் தன் வரியை அழிக்கவில்லை. கீழே, ‘கேட்டான், ஆனால் காது கொடுக்கவில்லை’ என்று சேர்த்திருக்கிறாள்.

இந்த எமிலியாக் காட்சியைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு வேறொரு பணிப்பெண் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சூரத்துந் நூர் இறங்கிய பின்னணியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கும் தொலைந்தது ஒரு சிறு பொருள். யமன் நாட்டு மணிகள் கோத்த ஒரு கழுத்துமாலை. அங்கும் ஊர் முழுவதும் வதந்தி. நபியவர்கள் (ஸல்) பணிப்பெண் பரீராவை அழைத்துக் கேட்டார்கள். அவர் அன்னை ஆயிஷாவைப் (ரலி) பற்றி நல்லதையே சொன்னார். இணைமனைவியான ஸைனப் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். போட்டியிருந்தும் அவரும் நல்லதையே சொன்னார். பதற்றத்தில் ஒரு தீர்ப்பும் வழங்கப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அந்த வேதனையோடு பொறுத்திருந்தார்கள். அதன் பின்னரே வஹி வந்தது. நான்கு சாட்சிகள் இன்றி ஒரு பெண்மீது பழி சொல்வோருக்குத் தண்டனை என்பது சட்டமாயிற்று. இலக்கியப் பிரதிகளுடன் இதைச் சமமாக வைக்கிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. சிலம்பு, லேஞ்சி, கழுத்துமாலை என்று மூன்று சிறு பொருட்கள். பணிப்பெண்ணின் சொல்லுக்குக் காது கொடுக்கப்பட்ட இடமும் கொடுக்கப்படாத இடமும் எங்ஙனம் முடிந்தன என்பதையே காட்ட விழைகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நான் சோனகதெருவில் நான்காம் வகுப்புச் சிறுவன். அம்மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேறியோர் 70,000இற்கும் மேற்பட்டோர். எங்கள் மீதான ஐயம் என்ன, யார் சாட்சி என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. இம்மாணவியின் பெற்றோரும் அதே 1990இல் போர் தீவகத்துக்கு வந்தபோது வீட்டை விட்டோடியவர்கள்தான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின், மே மாதத்தில், உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பற்சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். துணியில் உள்ள சித்திரம் சாட்சியாகும் நாட்டில் இருந்துகொண்டு, ஒதெல்லோவின் கருப்பொருள் பொறாமை என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கண்ணகிக்கு இணையாக மாணவி நிறுத்துவது டெஸ்டிமோனாவை அல்ல, எமிலியாவை. டெஸ்டிமோனா இறக்கும்போதும் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறாள். எமிலியாதான் வாயிலில் நின்று ஊரைக் கூட்டுகிறாள். வீட்டுக்குப் போ என்று கணவன் வாளை உருவியபோதும் உண்மையைச் சொல்லிச் சாகிறாள். இந்த ஒப்பீட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. கண்ணகி கையில் இருந்தது அவளது சொந்தச் சிலம்பு, அதனுள் மாணிக்கம். எமிலியாவோ லேஞ்சியை எடுத்துக் கொடுத்தவள். எங்கே போயிற்று என்று டெஸ்டிமோனா கேட்டபோது, தெரியாது என்றவள். ஒதெல்லோ அதற்காகவே சீறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் வாய் திறக்காதவள். அவளிடம் கெட்ட எண்ணம் இல்லை. கணவனுக்குப் பயம், சின்ன விடயம்தானே என்ற நினைப்பு. உண்மை அவளிடம் இருந்தது. அது வேண்டியிருந்த வேளையில் அவள் பேசவில்லை. பேசியபோது பெருந்துணிவுடன் பேசினாள். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் வாழ்ந்த எனக்கு, இந்நாடகத்தில் மிகவும் அறிமுகமான முகம் எமிலியாவுடையது. பின்னர் அழுத அயலவர்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அழுதது பொய்யல்ல.

ஒதெல்லோவின் இறுதி உரையை மாணவி விரைவாகக் கடந்துவிடுகிறாள். அதுவே கொப்பியின் குறை. தன்னைத்தானே குத்திக்கொள்ளும் முன் ஒதெல்லோ, முன்பொரு நாள் அலெப்போவில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்த துருக்கியனைத் தான் எப்படிக் குத்தினான் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்துகாட்டுகிறான். விருத்தசேதனத்தைச் சுட்டி அத்துருக்கியனை இழிவாகப் பேசவும் செய்கிறான். கொல்பவனும் அவனே, கொல்லப்படுபவனும் அவனே. வெனிஸின் ஊழியனாகத் தன்னுள் இருக்கும் அந்நியனைக் குத்திக்கொள்கிறான். எங்களில் எவரும் இவ்விடத்தை உடல் நடுங்காமல் படிக்க இயலாது. ரி.எஸ். எலியட் 1927இல், ஒதெல்லோ இங்கே தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான் என்று எழுதினார், எஃப்.ஆர். லீவிஸ் 1937இல் இன்னும் கடுமையாக, அவன் தன்னையே நாடகமாக்கிக்கொள்கிறான் என்றார். இருவரும் கூர்மையானவர்கள். ஆனால் தான் ஏவலனாக இருந்த அரசின் முன் இறுதிவரை தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டிய ஒருவனின் நிலை அவர்களுக்குப் பாடமாக இருந்ததே தவிர அனுபவமாக இருக்கவில்லை. சூடானிய எழுத்தாளர் தையிப் ஸாலிஹ் 1966இல் எழுதிய ‘வடக்கு நோக்கிய புலம்பெயர்வின் பருவம்’ நாவலின் நாயகன் தன்னை ஒதெல்லோவுடன் ஒப்பிடுவதும், பின்பு ஒதெல்லோ ஒரு பொய் என்று மறுப்பதும் அவ்வனுபவத்திலிருந்து வருபவை. பாண்டியன் தன் தவறு தெரிந்த கணத்தில் தானே கள்வன் என்று கூறி விழுந்து இறந்துவிடுகிறான். அவனுக்கு ஓர் உரை தேவைப்படவில்லை; அரசு அவனுடையது.

அதே உரையில் ஒரு முத்து வருகிறது. தன் குலத்தின் செல்வம் அனைத்தினும் விலையுயர்ந்த முத்தொன்றின் அருமை அறியாமல் எறிந்துவிட்ட ஒருவனுக்கு ஒதெல்லோ தன்னை ஒப்பிடுகிறான். அவன் யார்? 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘இந்தியன்’. 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் ‘யூதேயன்’. எது சரி என்று நானூறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததும் முத்தே. மாதவையாவின் உதயலன் நின்றதும் முத்தெடுக்கும் கொற்கையிலே. மன்னார்க் கடலின் முத்து உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ‘இந்தியன்’ என்ற பாடத்தை எமக்கு அருகில் உள்ளவன் என்று படிக்க எனக்கு ஆசை. ஆசைதான், பாடபேத ஆய்வுக்கு அது போதாது.

இயாகோவைப் பற்றி மாணவி அதிகம் எழுதவில்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று விமர்சகர்கள் கோல்றிட்ஜ் காலத்திலிருந்து துருவிக்கொண்டிருக்க, ‘கெட்டவன் எல்லா ஊரிலும் இருப்பான். அவனைக் கேட்பவர் யார் என்பதுதான் கதை’ என்று இரண்டு வரியில் தாண்டிவிடுகிறாள். இயாகோ என்ற பெயர், மூர்களைக் கொல்பவர் என்று ஸ்பானியர் போற்றிய புனித சந்தியாகோவின் பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். அதில் அவளுக்கு ஆர்வம் பிறக்கவில்லை. சரிதான்.

மாறாக, குறிப்புரைகள் ஒற்றை வரியில் ஒதுக்கிவிடும் பியங்காவுக்குக் கொப்பியின் கடைசி இரண்டு பக்கங்களைக் கொடுத்திருக்கிறாள். பியங்கா கசியோவின் பின்னால் திரியும் பெண்; நற்பெயர் இல்லாதவள். தன் அறையில் கிடந்த லேஞ்சியை, இதேபோல் ஒன்று பின்னித் தா என்று கசியோ அவளிடம் கொடுக்கிறான். அவளுக்கும் பொறாமைதான். ஆனால் அவள் ஒளிந்து நின்று பார்க்கவில்லை, வேறொருவனிடம் போய்க் கேட்கவில்லை. கசியோவின் முகத்துக்கு நேரே, இது எங்கிருந்து வந்தது, யாருடையது என்று கேட்டு, பதில் பிடிக்காமல் தெருவில் அவன் முன்னாலேயே எறிந்துவிட்டுப் போகிறாள். நாடகம் முழுவதிலும் சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் உரிய நேரத்தில் கேட்டவள் அவள் ஒருத்தியே. அதே கேள்வியை ஒதெல்லோ கசியோவிடம் கேட்கும்போது டெஸ்டிமோனா பிணமாகக் கிடக்கிறாள்.

கசியோ இருட்டில் வெட்டுண்டு கிடந்தபோது பியங்கா ஓடிவந்து கதறுகிறாள். இவளுக்கும் இதில் பங்குண்டு, முகத்தைப் பாருங்கள் என்று இயாகோ அவளைப் பிடித்துவிடுகிறான். முகம் வெளிறியிருப்பதே சாட்சி. எமிலியாவும் சேர்ந்து அவளைத் திட்டுகிறாள். பின்னர் றொடறிகோவின் சட்டைப்பையில் கடிதங்கள் கிடைக்கின்றன. இயாகோவின் சூது வெளிப்படுகிறது. கசியோ சைப்பிரஸின் ஆளுநராகிறான். மாணவி கடைசிக் காட்சியை மூன்று முறை படித்துத் தேடியதாகச் சொன்னாள். நானும் தேடிப் பார்த்தேன். பியங்காவை விடுவிக்கச் சொல்லி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.